எங்கே வேண்டுமானாலும் நிற்பான்

நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அது என் தம்பியின் இடம் சார். இல்லை இல்லை, எழுந்திருக்காதீர்கள், அதற்காகச் சொல்லவில்லை. திருவான்மியூரில் நாங்கள் ஏறும்போது இந்த ஜன்னலோரத்தில் அவன்தான் உட்கார்ந்தான். அடுத்த நிறுத்தத்தில் நீங்கள் கையில் ஒரு பை, தோளில் ஒரு பை என்று ஏறினீர்கள். கண்டக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. அவனாகவே எழுந்து போய்விட்டான். அதோ, டிரைவருக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு சீட்டு இருக்கிறதே, அதில் இந்தப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள், நீலச் சட்டை. அவன்தான் அமலோர். முழுப்பெயர் அமலோர்நாதன். நான் அவனுக்கு அண்ணன், சவரிநாதன்.

உயரத்தைப் பார்த்து போலீஸ் என்று நினைத்தீர்களா? எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கால்பந்து சார். பிரான்சில் கால்பந்து ஆடியவன். பொழுதுபோக்குக்கு ஆடியதைச் சொல்லவில்லை. அதுவே தொழிலாக, டி.வி.யில் காட்டுகிற ஆட்டம் ஆடியவன். பாண்டிச்சேரியில் பூர்வீகம் உள்ள ஒருத்தன் அங்கே அந்த அளவுக்குப் போனது பெரிய விஷயம். நம் ஆட்களுக்கு அது தெரியாது. இங்கே கிரிக்கெட்டை விட்டால் வேறு என்ன தெரியும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்று காலையில் சென்னையில் ஒரு டீமின் ஆபீசுக்குப் போய்விட்டுத்தான் வருகிறோம். இந்த வருஷம் எங்கேயாவது சேர்ந்துவிட்டால் அவன் ஆட்டக்காரன். சேராவிட்டால் முடிந்தது. முப்பத்து நாலு வயதாகிறது, முழங்காலில் கத்தி வைத்தாகிவிட்டது, அடுத்த வருஷம் இவனை யார் கூப்பிடப் போகிறார்கள்? அதற்காகத்தான் லீவு போட்டுவிட்டு அவனையும் கூட்டிக்கொண்டு பாரீசிலிருந்து வந்தேன். போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நல்லபடியாகத்தான் ஆயிற்று. சொல்கிறேன். மரக்காணம் வரைக்கும்தானே நீங்கள், நேரம் இருக்கிறது.

எங்களுடையது சொல்தா குடும்பம். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பாண்டிச்சேரியில் சொல்தா என்றால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நான் இங்கே பிறந்தவன், அவன் அங்கே பிறந்தவன். எனக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அவன் நடக்கப் பழகுவதற்குள் அப்பா போய்விட்டார். அப்புறம் அவனுக்கு எல்லாம் நான்தான். பள்ளிக்கூடத்தில் கையெழுத்து நான், ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நான், மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். அவனுக்காக எத்தனை இடத்தில் பேசியிருக்கிறேன் தெரியுமா? அவனுக்குப் பேச்சு வராது. ஊமை இல்லை, கூச்சம். ஏதாவது கேட்டால் முதலில் என் முகத்தைப் பார்ப்பான். நான் சொல்லிவிடுவேன்.

அம்மா எங்களை வளர்த்த வளர்ப்பு அப்படி. அடுத்தவர் வீட்டுக்குப் போனால் வாயைத் திறந்து எதுவும் கேட்கக் கூடாது. காபியா டீயா என்றால், "எதுனாலும் பரவால்லிங்க." சாப்பிடுகிறாயா என்றால், "இப்பதான் சாப்ட்டேங்க." அவர்கள் விட மாட்டார்கள், மறுபடி கேட்பார்கள், மறுபடியும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள் இல்லையா, அப்போதுதான் உட்கார வேண்டும். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? அதுதானே மரியாதை.

ஆனால் பிரான்சுக்காரனுக்கு இது புரியாது சார். ஒரு தடவை என்ன ஆயிற்று தெரியுமா? எங்கள் மாடியில் மதாம் லெகுவேன் என்று ஒரு கிழவி. அவள் வீட்டுக்கு ஒரு சாவி கொடுக்கப் போனோம். அமலோருக்கு ஆறு வயது இருக்கும், என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த பிளம்ஸ் பழப் பணியாரம், வாசனை படிக்கட்டு வரைக்கும் வருகிறது. தட்டை நீட்டி, "வேண்டுமா கண்ணுகளா?" என்றாள். "வேண்டாம் மதாம்" என்றேன் நான். இவனும், "வேண்டாம் மதாம்" என்றான். அவள் என்ன செய்தாள் என்கிறீர்கள்? "சரி" என்று தட்டை உள்ளே கொண்டு போய் வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அவ்வளவுதான். அந்த ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம். இவன் படியில் உட்கார்ந்து அழுகிறான், "அவங்க ஏண்ணே திருப்பிக் கேக்கல?" என்று. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "என் புள்ளைங்க பேரைக் காப்பாத்திட்டாங்க" என்று தலையைத் தடவிக் கொடுத்தாள். இவன் அதற்கப்புறம் யார் வீட்டிலும் அழுததே இல்லை. அன்றைக்கே கற்றுக்கொண்டுவிட்டான்.

பந்துக்கு வருகிறேன். எங்கள் பேட்டையில் ஒரு சின்ன கிளப். பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் ரைட் பேக், அதாவது பின்னால் வலது பக்கம் நின்று தடுக்கிற பையனுக்குக் காய்ச்சல். அந்த இடத்தில் யார் நிற்கிறீர்கள் என்று கோச் கேட்கிறார். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை, ஒவ்வொருத்தனுக்கும் முன்வரிசையில் நின்று கோல் போடத்தான் ஆசை. நான் கம்பி வேலிக்கு வெளியே நின்றிருந்தேன். "அமலோர் நிப்பான்" என்று கத்தினேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். போய் நின்றான். அடுத்த வாரம் லெஃப்ட் பேக் வரவில்லை, அங்கே நின்றான். அதற்கடுத்த வாரம் நடுவில். இப்படியே எல்லா இடத்தையும் கற்றுக்கொண்டான். இடது கால், வலது கால் வித்தியாசமே கிடையாது அவனுக்கு. ரெண்டும் ஒன்றுதான். நான் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், பேப்பரில் எழுதினார்கள்.

பதின்மூன்று வயதில் வடக்கே கடலோரத்தில் ஒரு பெரிய கிளப் அவனைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது, விடுங்கள். முதல் நாள் பையன்களை வரிசையாக நிறுத்தி, உன் இடம் என்ன, உன் இடம் என்ன என்று கேட்கிறார்கள். ஒருத்தன் ஸ்ட்ரைக்கர் என்கிறான், ஒருத்தன் கோல்கீப்பர் என்கிறான், மார்பை நிமிர்த்திக்கொண்டு, ஏதோ அப்பன் வீட்டு மனையைச் சொல்கிற மாதிரி. இவன் முறை வந்தது. "எங்க வேணாலும்" என்றான். நான் சொல்லிக் கொடுத்து அனுப்பியதுதான். அந்தக் கோச்சுகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். சந்தோஷச் சிரிப்பு சார். இப்படி ஒரு பையன் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

அந்தக் கிளப்பிலேயே பெரியவர்கள் டீமுக்கு வந்த பிறகும் அப்படித்தான். அங்கே அதற்குப் 'பொலிவலான்' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். பல வேலை தெரிந்தவன் என்று அர்த்தம். ஒரு பேப்பரில் இவனை மடக்குக் கத்தி என்று எழுதினான். அதில் கத்தரி இருக்கும், திருப்புளி இருக்கும், மூடி திறக்கிற கொக்கி இருக்கும் பாருங்கள், அந்தக் கத்தி. நான் அதைக் கத்தரித்து ஃபிரேம் போட்டு வைத்திருக்கிறேன். என் வீட்டுக் கூடத்துக்கு நீங்கள் வர வேண்டும். சுவர் முழுக்க அவன்தான். ரைட் பேக்காக ஒரு படம், லெஃப்ட் விங்காக ஒரு படம், இவனுக்குப் பொருந்தாத பெரிய கையுறை போட்டு கோல்கீப்பராகக்கூட ஒரு படம். பார்க்கிறவர்கள், "இதெல்லாம் ஒரே ஆளா?" என்பார்கள்.

ஜெர்சி நம்பர் மட்டும் ஒவ்வொரு வருஷமும் மாறும். மற்றவர்கள் அவரவர் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள், மிச்சம் இருப்பது இவனுக்கு. அதனால் ரசிகர்கள் இவன் பெயர் போட்ட ஜெர்சி வாங்குவது கிடையாது. அடுத்த வருஷம் வேறு நம்பர் என்றால் எவன் வாங்குவான்? நானே ஒன்று வாங்கினேன். அடுத்த வருஷம் அது வேறொருத்தன் நம்பராகிவிட்டது. பரவாயில்லை, வீட்டில் துடைக்க ஆகிறது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். மார்த்தினிக் தீவிலிருந்து வந்த பையன் ஒருத்தன், ஏறக்குறைய நம் நிறம்தான், நன்றாக ஆடுவான். அவனுக்குக் கால் பிசகி, அவன் இடத்தில் இவன் ஆடிக்கொண்டிருந்த சமயம். மேட்ச் முடிந்து வெளியே வருகிறோம். கேட்டில் ஒரு சின்னப் பிள்ளை அப்பாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு அந்த மார்த்தினிக் பையனின் பெயரைச் சொல்லி இவனைக் கூப்பிடுகிறது, கையெழுத்துக் கேட்டு. வேறு ஆளாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். இவன் என்ன செய்தான்? பேனாவை வாங்கி அந்தப் பையனின் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். "ஏண்டா?" என்றேன். "அதுக்கு அவர்தானே வேணும்" என்றான். பிள்ளை மனசு நோகக் கூடாது என்று அப்படி ஒரு எண்ணம் அவனுக்கு. அப்படி வளர்த்திருக்கிறோம்.

இதோ மாமல்லபுரம். கூட்டம் ஏறுகிறது, கொஞ்சம் இப்படி நகர்ந்து கொள்ளுங்கள்.

எங்கே விட்டேன்? ஆமாம், நல்ல வருஷம் ஒன்று வந்தது. அதைச் சொல்ல வேண்டும். அவனுக்கு அப்போது இருபத்து நாலு வயது. டீம் இரண்டாம் டிவிஷனில் இருந்தது. நடுவில் ஒரு இடம் உண்டு சார், பின்னால் நிற்கிற பேக்குகளுக்கு முன்னால், நம்பர் ஆறு என்பார்கள். அந்த இடத்துக்காரனுக்கு வருஷ ஆரம்பத்திலேயே அடிபட்டுவிட்டது. இவனைப் போட்டார்கள். டீம் தோற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அங்கே ஆடும்போது அவன் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தான், அதை நானும் கவனித்தேன். சத்தம் போட்டான் சார். இவன் சத்தம் போட்டு நான் கேட்டதே கிடையாது. மற்றவர்களைப் பார்த்து, "நீ அங்கே போ, நீ இங்கே வா" என்று கையை நீட்டிக் காட்டுகிறான். எனக்கு உடம்பு கூசியது. அன்று வீட்டுக்கு வந்து, "என்னடா, ரொம்ப சத்தம் போடற?" என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், "அங்க நின்னா ரெண்டு பக்கமும் தெரியுதுண்ணே."

அவ்வளவுதான் சொன்னான். என்னவோ, குழந்தைத்தனமான ஆசை.  "எல்லா இடத்திலேருந்தும் தெரியும், நீ ஒழுங்கா ஆடு" என்றேன்.

பழைய ஆள் குணமாகி வந்ததும் இவன் நகர்ந்து கொடுத்தான். திரும்பவும் அங்கே ஒரு வாரம், இங்கே ஒரு வாரம். கடைசி மேட்ச். தோற்காமல் முடித்தால் முதல் டிவிஷன். முடியப் போகிற நேரத்தில் எங்கள் கோல்கீப்பர் ஒருத்தனை இடித்துத் தள்ளி ரெட் கார்டு வாங்கி வெளியே போய்விட்டான். மாற்றுவதற்கு ஆள் இல்லை, மாற்ற வேண்டியவர்களை எல்லாம் ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. கோச் தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். யாரை நிறுத்துவது என்று அவர் யோசித்துத் திரும்புவதற்குள் என் தம்பி கையுறையை மாட்டிக்கொண்டிருக்கிறான். யாரும் சொல்லவில்லை சார். மிச்ச நேரம் முழுக்க அவன்தான் கோல்கீப்பர். வயிற்றில் ஒன்று வாங்கினான், முகத்தில் ஒன்று வாங்கினான், பந்து மட்டும் உள்ளே போகவில்லை. முதல் டிவிஷன்! ஜனங்கள் மைதானத்துக்குள் ஓடி வந்து ஸ்ட்ரைக்கரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அவன்தான் வருஷம் பூரா கோல் போட்டவன், நியாயம்தானே. இவன் கோல் கம்பத்தடியில் உட்கார்ந்து மூக்கில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் சொன்னேனே, கையுறை போட்ட படம், அது அப்போது எடுத்ததுதான்.

அதற்கு அடுத்த ஞாயிறு நடந்தது முக்கியம். கோச் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். முசே கெர்மாரெக் என்று பெயர், பிரான்சுக்கு மேற்கே பிரெத்தாஞ் என்கிற பக்கத்து ஆள், அளந்து அளந்து பேசுவார். ஆபீசுக்கு இல்லை, வீட்டுக்கு! எத்தனை பேரை வீட்டுக்குக் கூப்பிட்டிருப்பார் சொல்லுங்கள். நான் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு, பாரீசில் நம் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பேலில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரம். உட்கார வைத்தார். நேராக அவனைப் பார்த்துச் சொன்னார்.

"அமலோர், முதல் டிவிஷனுக்குப் போகிறோம். நான் ஆள் வாங்க வேண்டும். நடுவில் நம்பர் ஆறுக்கு ஒருத்தனைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் நீ ஆடியதையும் நான் பார்த்தேன். எனக்கு வேண்டும் என்று நீ சொன்னால் போதும், நான் யாரையும் வாங்க மாட்டேன். அது உன் இடம். சொல்."

அவன் காது சிவந்துபோனது. உட்கார்ந்திருந்தவன் கொஞ்சம் முன்னால் நகர்ந்தான். வாயைக்கூடத் திறந்தான். நான் சட்டென்று அவன் முழங்காலில் கையை வைத்து அழுத்தினேன். ஒருத்தர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைக் கொடு இதைக் கொடு என்று கேட்பதா? அவர் என்ன நினைப்பார்? நான் சொன்னேன், "முசே, நீங்க அவனை எங்க வெச்சாலும் சரி. அவன் எங்க வேணாலும் நிப்பான்."

அவர் என்னைப் பார்த்தார். "நான் உங்களைக் கேட்கவில்லை. அவன் சொல்லட்டும்" என்றார்.

இது இரண்டாவது தடவை. அமலோர் என் முகத்தைப் பார்த்தான். நான் கண்ணாலேயே சொன்னேன். அவன், "உங்களுக்கு எங்கே தேவையோ அங்கே" என்றான். அழகாகச் சொன்னான் சார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முசே கெர்மாரெக் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அந்த ஆப்பிள் மரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளா என்று அவருக்கே தாங்கவில்லை போலிருக்கிறது.

மூன்றாவது தடவை கேட்டிருப்பார். சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டிருப்பார். நான் அதற்குத்தான் காத்திருந்தேன். இன்னொரு தடவை கேட்டால், "நீங்க இவ்வளவு சொல்றதால" என்று ஒத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் டெலிபோன் மணி அடித்துவிட்டது. எழுந்து உள்ளே போனார். வரும்போது நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்புறம் பேச்செல்லாம் நாயைப் பற்றித்தான். மைசூர்பாகு நன்றாக இருக்கிறது என்றார். கிளம்பும்போது வாசலில் அவன் தோளைத் தட்டி, "நல்லது, நல்லது" என்றார். அந்த டெலிபோன் மட்டும் வராமல் இருந்திருந்தால்... சரி, நம் கையில் என்ன இருக்கிறது.

திரும்பி வரும்போது ரயிலில் அத்தனை சீட்டும் காலி. இவன் கதவோரத்தில் நின்றுகொண்டே வந்தான் பாரீஸ் வரைக்கும். நான் கூப்பிட்டும் உட்காரவில்லை. முதல் டிவிஷன் ஆயிற்றே, சந்தோஷம் இருப்புக் கொள்ளவில்லை.

டென்மார்க்கிலிருந்து ஒருத்தனை வாங்கினார்கள் நம்பர் ஆறுக்கு. நல்ல பையன், பண்புள்ளவன், இவனைப் பார்த்தால் கை கொடுக்காமல் போக மாட்டான். இவன் பெஞ்சில் இருந்தான். பெஞ்ச் என்றால் குறைவு என்று நினைக்காதீர்கள். யாருக்கு எப்போது அடிபடும் என்று தெரியாது, எல்லா இடத்துக்கும் தயாராக ஒருத்தன் வேண்டாமா? லெஃப்ட் பேக்குக்குப் பத்து நிமிஷம், விங்குக்கு ஐந்து நிமிஷம் என்று ஆடினான். அப்புறம் வேறு கிளப்புக்கு இரவல் கொடுத்தார்கள். அங்கே இரண்டு பேருக்கு அடிபட்டிருந்தது. அவர்கள் குணமானதும் இன்னொரு கிளப். அதற்கப்புறம் இன்னொன்று. மலைப் பக்கம் ஒரு ஊர், பெல்ஜியம் எல்லையில் ஒரு ஊர். எந்தக் கிளப்பும் இவனை வேண்டாம் என்று சொன்னதில்லை தெரியுமா? எல்லோருக்கும் இவன் தேவைப்பட்டான். தேவை முடிந்ததும் மரியாதையாக அனுப்பி வைத்தார்கள். டிவிஷன் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அது வயது.

கல்யாணமா? பார்த்தோமே. காரைக்காலில் நல்ல இடம், பெண் டீச்சர். இவனிடம் கேட்டேன், "உங்க இஷ்டம்ணே" என்றான். எவ்வளவு லகுவாகப் போயிற்று பாருங்கள். அந்தப் பெண் அவனோடு தனியாகப் பேச வேண்டும் என்றாள். போனில் பேசினார்கள். என்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். இவன், "உங்களுக்குப் பிடிச்சிருந்தா சரிங்க" என்று சொல்லியிருக்கிறான். இதைவிட ஒரு நல்ல பதில் உண்டா? மறுநாள் அவள் அப்பா கூப்பிட்டு, பெண்ணுக்கு இஷ்டம் இல்லை என்கிறார். என்ன காரணம் என்று கேட்டால், "மாப்பிள்ளைகிட்டப் பேசினது ஆளே இல்லாத வீட்ல பேசற மாதிரி இருந்துச்சுன்னு சொல்றா தம்பி" என்கிறார். இந்தக் காலத்துப் பெண்கள், என்ன சொல்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கிளப்பும் இல்லை. என் வீட்டில்தான் இருக்கிறான், ஒரு வருஷமாக. தொந்தரவே கிடையாது. நாலாவது டிவிஷனில் கூப்பிடுவார்கள் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. காலையில் எழுந்து சோபாவில் உட்காருவான். என் மனைவி கூட்டப் போனால் எழுந்து நாற்காலிக்குப் போவான். பிள்ளைகள் நாற்காலிக்கு வந்தால் சமையலறையில் போய் நிற்பான். வீட்டில் ஒரு ஆள் இருப்பதே தெரியாது. என் மனைவிதான் ஒரு நாள், "உங்க தம்பிக்கு எதுனா ஒரு எடம் பாருங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஆனாலும் அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, இந்த வருஷத்தை விட்டால் முடியாது. சொந்தக்காரப் பையன் மூலமாகத்தான் இந்தச் சென்னை டீமைப் பிடித்தேன்.

அந்த ஆபீசில் மேனேஜர் ஒருத்தர், செல்வின் என்று, தூத்துக்குடிப் பையன். தங்கமான பையன். இவன் ஆடிய வீடியோவெல்லாம் பார்த்து வைத்திருக்கிறார். கோல்கீப்பராக நின்றதைக்கூடப் பார்த்திருக்கிறார். இவனைக் கண்டதும் எழுந்து நின்றார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

அப்புறம் விவரம் சொன்னார். "அண்ணாச்சி, இவிய பிரெஞ்சுக் குடிமகன். நம்ம ஊர் ரத்தமா இருந்தாலும் சட்டப்படி வெளிநாட்டு ஆட்டக்காரர்தான். வெளிநாட்டு ஆளுக்கு டீம்ல இருக்கதே கொஞ்ச எடம். அதுக்கு வர்றவர் ஒரே ஒரு எடத்துல ராஜாவா இருக்கணும். இப்ப எனக்கு ரெண்டு எடம் காலி கிடக்கு. பின்னால ஒண்ணு, நடுவுல ஒண்ணு. இவிய எதுக்கு?"

"ரெண்டுக்கும்" என்றேன் நான்.

அவர் சிரித்தார். "அது சரிப்படாது அண்ணாச்சி. மேலிடத்துல ஒரு எடத்தைச் சொல்லித்தான் நான் கேக்க முடியும். அவரே சொல்லட்டுமே" என்று இவன் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க சொல்லுங்க. உங்க எடம் எது?"

இவன் என் பக்கம் திரும்பவில்லை. எப்போதும் திரும்புகிறவன், இன்று திரும்பவில்லை. மேஜையில் காகிதம் பறக்காமல் வைக்கிற கண்ணாடிக் குண்டு ஒன்று இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தபடியே, "தெரியலிங்க" என்றான்.

செல்வினுக்குப் புரியவில்லை. "கூச்சப்படாதீங்கண்ணே. எங்க நிக்க உங்களுக்கு ஆசை? ஆசையைச் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அப்படியே மனசிலிருந்து கேட்கிறார் சார்.

"தெரியலிங்க."

நான் என்னவோ சொல்லப் போனேன். செல்வின் என்னைக் கையமர்த்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இவனுக்கு எதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தார். பாருங்கள், நம் ஊர்ப் பையன் என்றால் நம் ஊர்ப் பையன்தான். மூன்றாவது தடவையும் கேட்டார். "நீங்க நடுவுல நின்ன ஆட்டமும் நான் பாத்திருக்கேண்ணே. அதுல கையைக் காட்டிக் காட்டிப் பேசுதீயளே, அது நீங்கதானே? அந்த எடத்துக்கே கேக்கட்டுமா? ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

 சொல்லுடா, இப்போது சொல்லலாம், மூன்று தடவை கேட்டாகிவிட்டது, இனிமேல் சொன்னால் தப்பில்லை என்று நான் தலையை ஆட்டுகிறேன். கண்ணைக் காட்டுகிறேன். அவன் என்னைப் பார்த்தால்தானே.

அவன் செல்வினைத்தான் நிமிர்ந்து பார்த்தான். கேட்டதை யோசித்துத்தான் பார்த்தான், முகத்திலேயே தெரிந்தது. தொலைந்து போன பொருளை எந்தச் சட்டைப் பையில் வைத்தோம் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார்களே, அப்படி. கடைசியில் ரொம்பத் தணிந்த குரலில், "நிஜமாவே தெரியலிங்க. முன்னாடி தெரியும்" என்றான்.

செல்வின் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. இவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஜூஸ் வரவழைத்துக் கொடுத்தார். கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். இஷ்டம் இல்லாதவர் கேட் வரைக்கும் வருவாரா, நீங்களே சொல்லுங்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, அவரை ஆட்டத்துக்குக் கூட்டிட்டு அலையாதீங்க, முதல்ல ஒரு நல்ல டாக்டர்ட்ட காட்டுங்க" என்றார். முழங்காலைத்தான் சொல்கிறார். முழங்கால் சரியானதும் எடுத்துக்கொள்வார்கள் என்று அர்த்தம். அதனால்தான் நல்லபடியாக முடிந்தது என்றேன்.

ஒரு சின்ன வருத்தம்தான் எனக்கு. பஸ் ஏறும்போது கேட்டேன், "ஏண்டா, அவ்வளவு பெரிய மனுஷன் வாய் வலிக்கக் கேக்கறாரு, நடுவுலன்னு சொல்லித் தொலைச்சா என்ன?" என்று. அவன் ஏறிப் போய் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துவிட்டான். அடக்கம் வேண்டியதுதான், ஆனால் அதற்கும் ஒரு அளவு இருக்கிறது இல்லையா? அதையெல்லாம் யாரிடம் கற்றுக்கொண்டானோ.

உப்பளம் தெரிகிறதே, மரக்காணம் வந்துவிட்டதா? நீங்கள் உப்புக் கம்பெனி ஆபீசில் வேலை என்றீர்கள் இல்லையா. உங்கள் கம்பெனியில் டீம் எதுவும் உண்டா? இல்லை, சாயங்காலம் ஆட்கள் சும்மா பந்து ஆடுவார்களா என்று கேட்டேன். பெரிய டீமாக இருக்க வேண்டும் என்றில்லை. கால் சரியாகிறவரைக்கும்தான். பழக்கம் விட்டுப் போகக் கூடாது பாருங்கள். என் நம்பரைப் போட்டுக்கொள்ளுங்கள். சவரி, பாரீஸ் என்று போட்டால் ஞாபகம் இருக்கும்.

ஒரு நிமிஷம், உங்களுக்கு அவனை அறிமுகம் செய்துவிடுகிறேன். அமலோர். டேய் அமலோர். இங்க வா, சார் இறங்கறாரு, சாருக்கு வணக்கம் சொல்லு.

அமலோர்.

தூங்குகிறான் சார். அசதி, காலையிலிருந்து அலைச்சல். கண் திறந்துதான் இருக்கிறது, தெரிகிறது. இந்தப் பக்கம் பார்ப்பது போலத்தான் இருக்கும். இப்போதெல்லாம் அப்படித்தான் தூங்குகிறான், வீட்டிலும் பார்த்திருக்கிறேன்.

பார்த்து இறங்குங்கள், படியில் மணல் கிடக்கிறது. உங்கள் கம்பெனியில் மறக்காமல் கேளுங்கள். எந்த இடம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும் சார். நாங்களாக ஒன்றும் கேட்க மாட்டோம்.